வீணையில் பூ செதுக்கும் குட்டி மெஷின்... கண், காது, மூச்சைக் காப்பது எப்படி?

வீணையை அருகில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? குடத்தின் மேல் விரிந்திருக்கும் தாமரை இதழ், தண்டியின் ஓரத்தில் ஓடும் கொடி, நுனியில் வாய் பிளந்து நிற்கும் யாழி முகம். இவை எல்லாம் பலா மரத்தில் உளியாலும் கொட்டாப்புளியாலும் செதுக்கி வந்தவை. இப்போது இசைக்கருவிகள் செய்யும் பட்டறைகளிலும், வீட்டிலேயே கிடார், வயலின் பழுது பார்க்கும் இளைஞர்களின் மேஜையிலும் இன்னொரு கருவி வந்து சேர்ந்திருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும், பேனா போலப் பிடிக்கலாம், பட்டனைத் தட்டினால் விர்ரென்று சுற்றும். அதுதான் ரோட்டரி டூல்.

ஆன்லைனில் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்கே ஒரு பெட்டி நிறைய பிட்களுடன் கிடைக்கிறது. வீடியோக்களில் பார்த்தால் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல மரத்தில் இறங்குகிறது. பெரிய ரம்பம், கட்டிங் மெஷினைப் பார்த்தால் நமக்கே ஒரு பயம் வந்துவிடும். இந்தக் குட்டியைப் பார்த்தால் அந்தப் பயம் வருவதில்லை. அதனால்தான் பலரும் வெறும் கண்ணோடும் வெறும் மூக்கோடும் அதை இயக்குகிறார்கள்.

இசைக்கருவி செய்பவருக்கு இதில் இன்னும் ஒரு கூடுதல் ஆபத்து உண்டு. நாற்காலி செய்யும் தச்சருக்குக் கையும் கண்ணும் போதும். வீணை செய்பவருக்குக் காதும் வேண்டும். வேலையின் கடைசிக் கட்டத்தில் தண்டியின் மேல் தேன்மெழுகும் கரித்தூளும் கலந்த கலவையை வைத்து, அதில் 24 மெட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பதிப்பார்கள். மேளம் கட்டுவது என்று இதைச் சொல்வார்கள். எந்த மெட்டு எங்கே உட்கார வேண்டும் என்பதைக் கடைசியில் தீர்மானிப்பது கைவினைஞரின் காது. பூ செதுக்கும் அவசரத்தில் அந்தக் காதைத் தேய்த்துவிட்டால், செதுக்கிய பூவால் என்ன பயன்?

இந்தக் கருவியை எங்கே பயன்படுத்தலாம், எங்கே கூடாது, கண், காது, நுரையீரல், விரல் நான்கையும் எப்படிக் காப்பது என்று பார்ப்போம்.

மூடி இல்லாத மிக்ஸி

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ரேசின் என்று ஓர் ஊர். அங்கே ஆல்பர்ட் டிரெமல் என்பவர் 1932-ல் தொடங்கிய நிறுவனம்தான் இந்த வகைக் கருவியை வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தது. இப்போது அது பாஷ் குழுமத்தின் கையில் இருக்கிறது. ஜெராக்ஸ் என்ற பெயர் நகல் எடுப்பதற்கே பெயரானது போல, எந்த கம்பெனி ரோட்டரி டூலையும் பலர் 'டிரெமல்' என்றே சொல்கிறார்கள். நகைப்பட்டறைகளில் மேலே மோட்டாரைத் தொங்கவிட்டு, வளையும் குழாய் நுனியில் பிட்டை மாட்டி வேலை செய்வார்களே, அதுவும் இதன் உறவுதான்.

இதன் பலம் வேகம். நம் வீட்டு சீலிங் ஃபேன் நிமிடத்துக்கு 300 முதல் 400 முறை சுற்றும். மிக்ஸி சுமார் 18,000 முதல் 20,000 முறை. ரோட்டரி டூல் மாடலைப் பொறுத்து 5,000-லிருந்து 35,000 முறை வரை சுற்றுகிறது. 30,000-ல் வைத்தால் ஒரு நொடிக்கு 500 சுற்று! 32 மி.மீ அகலமுள்ள ஒரு சின்ன வெட்டும் தகட்டை மாட்டி அந்த வேகத்தில் ஓடவிட்டால், தகட்டின் விளிம்பு மணிக்கு சுமார் 180 கி.மீ வேகத்தில் போகும். அதிலிருந்து உடைந்து தெறிக்கும் துண்டும் அதே வேகத்தில்தான் கிளம்பும்.

மிக்ஸிக்கு மூடி உண்டு. மூடாமல் ஓட்டினால் சட்னி எங்கே போகும் என்று எல்லோருக்கும் தெரியும். ரோட்டரி டூலுக்கு மூடி கிடையாது. சுற்றும் பிட்டுக்கும் உங்கள் முகத்துக்கும் நடுவே ஒரு முழம் காற்றுதான் இருக்கிறது. நாம் அணியும் கண்ணாடியும் மாஸ்க்கும்தான் அதற்கு மூடி.

எங்கே கைகொடுக்கும், எங்கே கெடுக்கும்?

தஞ்சாவூர் வீணைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பெரும்பாலும் பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரம்தான். குடம், தண்டி, யாழி முகம் எல்லாவற்றையும் தனித்தனியாகச் செய்து இணைத்தால் ஒட்டு வீணை. ஒரே மரத்தில் குடைந்து எடுத்தால் ஏகாண்ட வீணை. ஏகாண்ட வீணையில் ஓரிடத்தில் கருவி வழுக்கினால் அந்தப் பகுதியை மட்டும் கழற்றி மாற்ற முடியாது. மரத்திலிருந்து எடுத்ததைத் திரும்ப வைக்க வழியே இல்லை. இதை மனதில் வைத்துத்தான் எந்த வேலைக்கு எந்தக் கருவி என்று முடிவு செய்ய வேண்டும்.

ரோட்டரி டூல் நன்றாகச் செய்யும் வேலைகள் இவை. யாழியின் கண், பல், பிடரி முடி போன்ற நுணுக்கமான இடங்கள். கொடி, இலை நரம்பு. உளி நுழையாத மூலைகளைச் சுத்தம் செய்வது. சிப்பி பதிக்க வேண்டிய இடத்தில் மெல்லிய பள்ளம் எடுப்பது. வளைவுகளில் உப்புத்தாள் உருளை மாட்டித் தேய்ப்பது.

செய்யக் கூடாத வேலைகளும் உண்டு. குடத்தைக் குடைவது போன்ற கனமான வேலைக்கு இது சரிப்படாது. மோட்டார் சூடேறும், கை சலிக்கும், சலித்த கை வழுக்கும். குடத்தின் மேல்பலகை போன்ற இடங்களில் மரத்தின் கனம்தான் நாதத்தைத் தீர்மானிக்கிறது. அழகுக்காக அங்கே ஆழமாகத் தோண்டினால் ஒலி மாறும். குதிரையின் மேல்பரப்பு, கம்பி உட்காரும் வெட்டு, பிருடை நுழையும் துளை ஆகியவற்றை அரத்தாலும் உப்புத்தாளாலும் நிதானமாகத் தேய்ப்பதே நல்லது. கிடாரில் நட் என்று சொல்லும் பகுதியில் கம்பி உட்காரும் வெட்டுக்கும் இதே விதிதான். அங்கே அரை மி.மீ கூடுதலாக இறங்கினால் கம்பி ஃப்ரெட்டில் தட்டி இரையும். ரோட்டரி டூல் அந்த அரை மி.மீ-யைக் கண் இமைக்கும் நேரத்தில் தின்றுவிடும்.

பாட்டி காலத்து வீணை, தாத்தாவின் வயலின் என்று வீட்டில் பழைய வாத்தியம் இருக்கிறதா? அதில் உங்கள் முதல் முயற்சியை வைத்துக்கொள்ளாதீர்கள். தச்சுப் பட்டறையில் மிச்சமாகும் பலா, தேக்குத் துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள். நேர்கோடு, வட்டம், இலை என்று பல நாள் அதில் பழகிய பிறகு வாத்தியத்தின் பக்கம் போகலாம்.

பட்டனைத் தட்டும் முன்...

முதலில் உடை. தோளில் துண்டு, தொங்கும் துப்பட்டா, முழுக்கை சட்டையின் திறந்த பட்டன், கழுத்துச் சங்கிலி, மணிக்கட்டில் கட்டிய கயிறு என எதுவும் வேண்டாம். நொடிக்கு 500 முறை சுற்றும் தண்டில் ஒரு நூல் மாட்டினாலும் அது சுருட்டி இழுத்துக்கொள்ளும். கோயில் கயிற்றைக் கழற்ற மனமில்லை என்றால், அதை மேலே ஏற்றி இறுக்கமான கைப்பட்டைக்குள் மறைத்துக்கொள்ளுங்கள். நீண்ட முடியை இறுக்கிக் கட்டி, தொப்பிக்குள் வையுங்கள். தளர்வான துணிக் கையுறையும் ஆபத்துதான். 'கைக்குப் பாதுகாப்பு' என்று நினைத்துப் போடும் கையுறையின் நூல் பிட்டில் சிக்கினால் விரலையும் சேர்த்து இழுக்கும்.

அடுத்து கண். பவருக்காகப் போடும் மூக்குக் கண்ணாடி போதாது. பக்கவாட்டில் திறந்திருப்பதால் சிம்பு அந்த வழியாக உள்ளே வரும். பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். மூக்குக் கண்ணாடிக்கு மேலேயே போடும் வகையும் கடைகளில் கிடைக்கிறது. வெட்டும் தகடு மாட்டும்போது இதற்கு மேல் முகம் முழுவதையும் மூடும் கவசமும் போடுங்கள். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவருக்கும் கண்ணாடி வேண்டும். இல்லையென்றால் அவர் அங்கே நிற்க வேண்டாம்.

மூன்றாவது, மரத்தைப் பிடித்து நிறுத்துவது. இடது கையில் மரம், வலது கையில் கருவி என்று வேலை செய்பவர்கள் அதிகம். பிட் வழுக்கினால் அது போய் நிற்கும் இடம் இடது உள்ளங்கைதான். சின்னத் துண்டை வைஸில் பிடியுங்கள். வீணை, கிடார் போன்ற பெரிய வாத்தியத்தை மெத்தென்ற துணி விரித்து, மணல் மூட்டை அல்லது ரப்பர் வைத்த கிளாம்ப்பால் அசையாமல் நிறுத்துங்கள். மரம் அசையாமல் இருந்தால் இரண்டு கையும் கருவிக்குக் கிடைக்கும். ஒரு கை பேனா போலப் பிடிக்கட்டும். மற்றொரு கையின் விரல் மேஜையிலோ மரத்திலோ ஊன்றித் தாங்கட்டும். கோலம் போடும்போது சுண்டு விரலைத் தரையில் ஊன்றுவோம் இல்லையா, அதே போலத்தான்.

பிட் மாட்டும்போது 5 விஷயங்கள்

விபத்துகளுக்குப் பெரிய காரணம் பிட் சரியாக உட்காராததுதான். இந்த ஐந்தையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

1. பிளக்கைப் பிடுங்கிய பிறகே பிட்டை மாற்றுங்கள். பேட்டரி மாடல் என்றால் பேட்டரியைக் கழற்றுங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, தெரியாமல் கை பட்டுவிடும்.

2. பிட்டின் காம்பும் அதைப் பிடிக்கும் காலெட்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும். 3.2 மி.மீ, 2.4 மி.மீ என்று காம்புகள் பல அளவில் வருகின்றன. மெல்லிய காம்பைப் பெரிய காலெட்டில் வைத்து இறுக்கினால் பிடித்தது போலத் தோன்றும். சுற்றும்போது பிட் வெளியே பறக்கும்.

3. காம்பை முடிந்தவரை உள்ளே தள்ளுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய காம்பு அதிக வேகத்தில் சாட்டை போல வளைந்துவிடும்.

4. ஒவ்வொரு பிட்டுக்கும் ஓர் உச்ச வேகம் உண்டு. பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பார்கள். கம்பி பிரஷ், பாலிஷ் பஞ்சு போன்றவற்றுக்குப் பெரும்பாலும் 15,000 ஆர்.பி.எம் தான் எல்லை. அதைத் தாண்டினால் பிரஷ்ஷின் கம்பிகள் ஊசி மாதிரிப் பாயும்.

5. புதிதாக மாட்டிய பிட்டை முகத்துக்கு நேரே இல்லாமல் பக்கவாட்டில் திருப்பி, ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். நடுங்கினாலோ சத்தம் மாறினாலோ நிறுத்திவிடுங்கள். வளைந்த பிட், விரிசல் விட்ட தகடு எதுவானாலும் நேராகக் குப்பைக்குப் போக வேண்டியதுதான். 'இன்னொரு தடவை ஓடும்' என்று எடுத்து வைக்காதீர்கள்.

வெட்டும் தகட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அது நேராக வெட்ட மட்டும்தான். அதன் பக்கத்தால் தேய்த்தாலோ, வெட்டும்போது திருப்பினாலோ உடைந்து சிதறும்.

அழுத்தாதீர்கள், வருடுங்கள்

புதிதாகக் கையில் எடுக்கும் எல்லோரும் செய்யும் தவறு அழுத்துவது. உளிக்கு அழுத்தம் வேண்டும். ரோட்டரி டூலுக்கு வேண்டாம், வேகம்தான் வெட்டுகிறது. அழுத்தினால் மோட்டார் திணறும், பிட் சூடாகும், மரம் கருகும். கருகல் வாசனை வந்தாலோ செதுக்கிய இடம் பழுப்பானாலோ அழுத்தம் அதிகம், அல்லது பிட் மழுங்கிவிட்டது, அல்லது ஒரே இடத்தில் நிற்கிறீர்கள் என்று பொருள். ஒரு தடவையில் அரை மி.மீ ஆழத்துக்கு மேல் போகாமல், பல தடவை வருடி எடுங்கள்.

அடுத்தது திசை. கருவியின் மோட்டார் பக்கத்திலிருந்து பார்த்தால் பிட் கடிகார முள் போலச் சுற்றும். பிட்டை நேர் கீழாகப் பிடித்து, பலகையில் உங்களுக்கு அருகில் இருக்கும் விளிம்பைச் சீவுகிறீர்கள் என்றால் இடமிருந்து வலமாக நகர்த்துங்கள். அப்போது பிட் உங்களை எதிர்த்துத் தள்ளும், கட்டுப்பாடு உங்கள் கையில் இருக்கும். எதிர்த்திசையில் நகர்த்தினால் பிட் சக்கரம் மாதிரி மரத்தின் மேல் ஏறி ஓடிவிடும். பூ இதழ் செதுக்கும்போதும் பிட் எந்தப் பக்கம் ஓடப் பார்க்கிறது என்று முதலில் வீண் துண்டில் கவனியுங்கள். அந்தப் பக்கம் உங்கள் விரலும் இருக்கக் கூடாது, வாத்தியத்தின் முக்கியமான பகுதியும் இருக்கக் கூடாது.

சிப்பி பதிக்கப் பள்ளம் எடுக்க வெறும் கையை நம்ப வேண்டாம். கருவியைச் செங்குத்தாக நிறுத்தி, ஆழத்தைப் பூட்டி வைக்கும் ரவுட்டர் பேஸ் என்ற துணைக்கருவி தனியாகக் கிடைக்கிறது. சிப்பியின் கனத்தைவிடக் கொஞ்சம் குறைவாக ஆழத்தை வையுங்கள். ஒட்டிய பிறகு மேலே நிற்கும் சிப்பியைத் தேய்த்துச் சமமாக்கலாம். பள்ளம் ஆழமாகிவிட்டால் நிரப்பத்தான் வேண்டியிருக்கும்.

ஒரு காலத்தில் வீணை அலங்காரத்துக்குத் தந்தமும் மான் கொம்பும் பயன்பட்டன. இப்போது பிளாஸ்டிக் தகடுகள்தான். பிளாஸ்டிக்கில் வேலை செய்யும்போது வேகத்தை நன்றாகக் குறையுங்கள். வேகம் கூடினால் பிளாஸ்டிக் உருகிப் பிட்டில் ஒட்டும், புகையும் வரும்.

கர்ச்சீப்பில் தெரியும் மஞ்சள்

பலா மரத்தின் வைரம் மஞ்சள். பௌத்தத் துறவிகளின் காவி ஆடைக்குச் சாயம் எடுக்கவே அது பயன்பட்டிருக்கிறது. பலா மரத்தைத் தேய்த்து முடித்து மூக்கைச் சிந்தினால் கர்ச்சீப்பில் அதே மஞ்சள் வரும். உள்ளே என்ன போயிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் மூக்கில் நின்றது பெரிய தூள். கண்ணுக்குத் தெரியாத நுண்தூள் நுரையீரல் வரை போய்விடும்.

உளி சீவல்களாகத்தான் மரத்தை எடுக்கும். அவை கீழே விழுந்துவிடும். ரோட்டரி டூல் மரத்தை மாவாக அரைக்கிறது. அந்த மாவு வெகுநேரம் காற்றில் மிதக்கும். உளியிலிருந்து மெஷினுக்கு மாறும்போது பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். வேலை வேகமாகிறது, கூடவே தூசியின் தன்மையும் மாறிவிடுகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூசியை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் 1995-லேயே சேர்த்துவிட்டது. முக்கியமாக மூக்கின் உட்பகுதியிலும் அதை ஒட்டிய சைனஸ் அறைகளிலும் வரும் புற்றுநோய்க்கும் இதற்கும் தொடர்பு உண்டு. பல ஆண்டுகள் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கான எச்சரிக்கை இது. ஒரு நாள் பூ செதுக்கியவர் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் ஆஸ்துமா, அலர்ஜி, தோல் அரிப்புக்கு வருடக்கணக்காகக் காத்திருக்க வேண்டாம். கருங்காலி, ஈட்டி போன்ற மரங்களின் தூசி சிலருக்குச் சீக்கிரமே தோல் அரிப்பைத் தரும். சிப்பியை அறுக்கும்போது வரும் தூசியும் நுரையீரலுக்கு ஆகாது. அதை முடிந்தவரை ஈரத்தில் நனைத்து, கை ரம்பத்தால் அறுப்பது நல்லது.

என்ன செய்யலாம்? கோவிட் நேரத்தில் நமக்கெல்லாம் பழக்கமான என்95 மாஸ்க்கே இதற்கும் உதவும். மிதக்கும் துகள்களில் குறைந்தது 95 சதவிகிதத்தை அது வடிகட்டும். ஆனால் முகத்தில் இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும். அடர்ந்த தாடி இருந்தால் ஓரங்களில் காற்று புகும். துண்டை முகத்தில் கட்டுவதும், மெல்லிய சர்ஜிக்கல் மாஸ்க்கும் நுண்தூளைத் தடுக்காது.

வாத்தியம் செய்யும் வேலை பல இடங்களில் வீட்டின் முன்னறையிலேயே நடக்கிறது. அப்படியென்றால் தூசி செய்பவருக்கு மட்டுமானதில்லை, அடுத்த அறையில் தூங்கும் குழந்தைக்கும் பாட்டிக்கும் சேர்த்துத்தான். சீலிங் ஃபேன் தூசியை வீடெல்லாம் சுற்றிவிடும். அதை நிறுத்திவிட்டு, ஜன்னலில் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்து அதன் அருகே வேலை செய்யுங்கள். பிட்டுக்குப் பக்கத்திலேயே வேக்வம் கிளீனரின் குழாயைக் கட்டி வைப்பது இன்னும் நல்லது. முடித்ததும் துடைப்பத்தால் கூட்டாதீர்கள், வாயால் ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடையுங்கள். வேலை செய்த சட்டையோடு குழந்தையைத் தூக்க வேண்டாம். சட்டையை மாற்றி, கை முகம் கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருங்கள்.

காதுதான் முதல் போட்ட மூலதனம்

ரோட்டரி டூலின் சத்தம் பெரிய கட்டிங் மெஷின் அளவுக்கு இருக்காது. ஆனால் முகத்துக்குப் பக்கத்தில், மணிக்கணக்கில் கேட்கும் சத்தம் அது. ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பதுதான் அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிவிடும். 88 என்றால் 4 மணி நேரம். 91 என்றால் 2 மணி நேரம்.

டெசிபலை அளக்க ஐபோனில் நியோஷின் இலவச ஆப் இருக்கிறது. ஆப் இல்லாமலும் ஒரு வழி உண்டு. கை நீட்டும் தூரத்தில் இருப்பவரிடம் பேசக் குரலை உயர்த்த வேண்டியிருந்தால், சத்தம் பெரும்பாலும் 85-ஐத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

சத்தத்தால் கெடும் காது ஒரே நாளில் கெடுவதில்லை. உள்காதில் இருக்கும் நுண்ணிய மயிரிழைச் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். மனிதர்களுக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. முதலில் போவது கீச்சான, உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன். பேச்சு நன்றாகவே கேட்கும், அதனால் பாதிப்பு தெரியாது. ஆனால் ஒரு வீணைக் கம்பியை மீட்டினால் அடிப்படைச் சுரத்தோடு அதன் மேல் சுரங்களும் சேர்ந்துதான் நாதமாகக் கேட்கிறது. காதில் முதலில் மங்குவது அந்த மேல் பகுதி. மெட்டு வைப்பவருக்கும் தம்பூரா சுருதி சேர்ப்பவருக்கும் அது எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை.

தீர்வு மிகவும் எளியது. மருந்துக்கடையிலும் ஆன்லைனிலும் கிடைக்கும் ஃபோம் காதடைப்பான் போதும். விரலால் மெல்லியதாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும் வரை சில நொடி பிடித்திருங்கள். இயர்போனில் பாட்டைச் சத்தமாக வைப்பது காதடைப்பு ஆகாது. ஒரு சத்தத்தின் மேல் இன்னொரு சத்தத்தை ஏற்றுகிறீர்கள், அவ்வளவுதான். முக்கியமான சுருதி வேலையை மெஷின் ஓடிய உடனே வைத்துக்கொள்ளாமல் மறுநாள் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். சத்தத்தில் இருந்த காது சிறிது நேரத்துக்கு மந்தமாகவே இருக்கும்.

விரல் மரத்துப் போனால்...

அதிரும் கருவியைத் தொடர்ந்து பல மாதம், பல வருடம் பிடிப்பவர்களுக்கு விரல் நுனி மரத்துப்போவது, ஊசி குத்துவது போல இருப்பது, குளிரில் விரல் வெளுத்துப்போவது போன்ற தொல்லைகள் வரலாம். ரோட்டரி டூலில் அதிர்வு குறைவுதான். ஆனால் இறுக்கிப் பிடிப்பவருக்கும் இடைவெளி இல்லாமல் வேலை செய்பவருக்கும் அது சேர்ந்துகொண்டே போகும். 15, 20 நிமிடத்துக்கு ஒரு முறை கருவியைக் கீழே வைத்துக் கையை உதறி விரல்களை நீட்டி மடக்குங்கள். மோட்டாரும் ஆறும். மரப்பு வேலை முடிந்த பிறகும் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள்.

தீயும் கரண்டும்

மரத்தூளும் தீப்பொறியும் சேரக் கூடாது. கிடாரின் எஃகுக் கம்பியையோ எஃகு ஃப்ரெட்டின் ஓரத்தையோ ரோட்டரி டூலால் வெட்டினால் பொறி பறக்கும். அதற்கு முன் மேஜையில் உள்ள மரத்தூளைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து பாலிஷ் போடும் நேரத்தில் அந்த அறையில் இந்தக் கருவியை இயக்கவே வேண்டாம். பல மாடல்களில் மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் உரசிச் சின்னப் பொறி வந்துகொண்டே இருக்கும். ஸ்பிரிட் ஆவிக்கு அது போதும்.

கருவியின் காற்றுத் துளைகளில் தூள் அடைத்தால் மோட்டார் சூடாகும். அவ்வப்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். வயர் தோல் உரிந்திருந்தால் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி ஒப்பேற்றாமல் வயரையே மாற்றுங்கள். வீட்டு மெயினில் ஆர்.சி.சி.பி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கரண்ட் கசிந்தால் நொடியில் இணைப்பைத் துண்டிக்கும் சாதனம் அது.

வேலை முடிந்ததும் ஸ்விட்சை அணைத்துவிட்டு, பிட் முழுவதும் நிற்கும் வரை கையிலேயே வைத்திருங்கள். சுற்றிக்கொண்டிருக்கும்போதே மேஜையில் வைத்தால் அது தானே உருண்டு ஓடி மடியில் விழும்.

அடிபட்டால் என்ன செய்வது?

கண்ணில் தூசி விழுந்தால் கசக்காதீர்கள். சுத்தமான தண்ணீரால் நிறையக் கழுவுங்கள். சிம்போ உலோகத் துண்டோ குத்தி நின்றால் அதைப் பிடுங்கக் கூடாது. கழுவவும் வேண்டாம். கண்ணை அழுத்தாமல் ஒரு காகிதக் கப்பால் மூடி, உடனே கண் மருத்துவமனைக்குப் போங்கள். நீங்களே வண்டி ஓட்டிப் போக வேண்டாம்.

விரலில் வெட்டுப்பட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயரத் தூக்குங்கள். மஞ்சள்தூள், காபித்தூள் எதுவும் வைக்காதீர்கள். காயம் ஆழமாக இருந்தாலோ, அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டாலோ, விரலை மடக்க முடியாவிட்டாலோ 108-ஐ அழையுங்கள். சின்னக் காயம்தான் என்றாலும் டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

தனியாக, யாருக்கும் தெரியாமல், நடுராத்திரியில் தூக்கக் கலக்கத்தோடு இந்த வேலையைச் செய்யாதீர்கள். பிள்ளைகள் ஆசைப்பட்டால் பெரியவர் பக்கத்தில் இருக்க, மெல்லிய வேகத்தில், வீண் துண்டில் மட்டும் பழகட்டும். கருவியைப் பயன்படுத்தாத நேரத்தில் பிட்டைக் கழற்றிப் பூட்டி வையுங்கள்.

வேலைக்கு உட்காரும் முன் ஒரு நிமிடம்

* கண்ணாடி, மாஸ்க், காதடைப்பான் மூன்றும் போட்டாயிற்றா?
* தொங்குவது எதுவும் உடம்பில் இல்லையே?
* மரம் அசையாமல் நிற்கிறதா?
* பிட் அளவு சரியா, இறுக்கமா, அதன் வேக எல்லை என்ன?
* பிட் வழுக்கினால் எந்தப் பக்கம் ஓடும்? அங்கே விரல் இல்லையே?
* ஃபேன் நின்றதா, எக்ஸாஸ்ட் ஓடுகிறதா?
* பக்கத்தில் ஸ்பிரிட், பாலிஷ் எதுவும் இல்லையே?

கண்ணாடி, மாஸ்க், காதடைப்பான் மூன்றையும் சேர்த்து வாங்கினாலும் நீங்கள் வாங்கிய கருவியின் விலையைவிடக் குறைவாகத்தான் ஆகும். அடுத்த முறை ஆன்லைனில் ரோட்டரி டூலை கார்ட்டில் போடும்போது இந்த மூன்றையும் அதே கார்ட்டில் போடுங்கள். பார்சலில் அவை வந்து சேரும் வரை பட்டனைத் தட்டாதீர்கள்.